எழுதப்படாத பாதை: ஜப்பானியக் காட்சிப் புதினத்தில் முழுமையும் குறையும்

1. முன்னுரை

இலக்கியப் படைப்பு முற்றுப்பெறாமல் நிற்பதற்கு ஆசிரியரின் மறைவு, நோய், வறுமை, இதழ் நின்றுபோதல் எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. இவை யாவும் படைப்புக்குப் புறத்தே அமைந்தவை. படைப்பின் வடிவமே அதன் முடிவுக்குத் தடையாக நிற்கும் இலக்கிய வகை ஒன்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் உருவாயிற்று. கணிப்பொறித் திரையில் ஓவியம், எழுத்து, இசை ஆகிய மூன்றையும் இணைத்து வாசிக்கத் தரும் அவ்வகை ‘காட்சிப் புதினம்’ எனப்படும். அதன் பெரும்பகுதி வயதுவந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் முத்திரையுடன் வெளிவந்தமையால் திறனாய்வாளர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் ஒரு பனுவலின் முழுமை எதில் அடங்கியுள்ளது என்னும் வினாவுக்கு இவ்வகை தரும் விடை மொழியாய்வாளரும் இலக்கிய ஆய்வாளரும் கருதத்தக்கது. அவ்விடையை, ‘சுகிஹிமே’ என்னும் படைப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. காட்சிப் புதினத்தின் அமைப்பு

ஓவியமும் உரைநடையும் மாறிமாறி வரும் கதைநூல் ஜப்பானியருக்குப் புதியதன்று. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ‘கெஞ்சி கதை’ ஓவியச் சுருளில் எழுத்துப் பகுதியும் ஓவியப் பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடோ நகரில் பரவிய ‘மஞ்சள் அட்டை’ நூல்களில் ஒரே பக்கத்தில் ஓவியமும் அதனைச் சூழ்ந்து எழுத்தும் நிறைந்திருந்தன. அவையும் வளர்ந்தோர்க்கென எழுதப்பட்டவையே.

கணிப்பொறிக் கதைகளில் 1983இல் யூஜி ஹோரி உருவாக்கிய ‘போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு’ ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘ஒத்தோகிரிசோ’ என்னும் படைப்பை வெளியிட்டுத் திரை முழுவதும் உரைநடை பரவி நிற்கும் முறையைப் புகுத்தியது. அந்நிறுவனம் இதனை ‘ஒலிப் புதினம்’ என அழைத்தது. 1996இல் லீஃப் நிறுவனம் அம்முறையைப் பின்பற்றி ‘ஷிசுக்கு’ என்னும் வயதுவந்தோர்க்குரிய படைப்பை வெளியிட்டபோது ‘காட்சிப் புதினம்’ என்னும் பெயரைச் சூட்டியது. பின்னர் அதுவே உலகெங்கும் வகைப்பெயராக நிலைத்தது.

இவ்வகையின் ஓவியங்கள் மூவகைப்படும். இடத்தைக் காட்டுவது பின்புல ஓவியம். பாத்திரத்தை நின்ற நிலையில் காட்டுவது நிலையுரு ஓவியம். முகக்குறிப்பு மட்டும் இடத்துக்கேற்ப மாற்றப்படும். ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கென முழுத்திரையில் வரையப்படுவது நிகழ்ச்சி ஓவியம். முதலிரண்டும் பல இடங்களில் மீண்டும் பயன்படுவன. மூன்றாவது பெரும்பாலும் ஒரே இடத்துக்கு உரியது. ஆகவே மூன்றாவதே செலவு மிக்கது. வாசகர் நினைவில் நிற்பதும் அதுவே.

3. எழுத்து வளர்த்த ஓவியம்

இப்படைப்புகளின் ஓவியத் திறன் வளர்ந்தமைக்கு ஜப்பானிய எழுத்துமுறையும் ஒரு காரணமாக அமைந்தது. சீன வழி வந்த கஞ்சி எழுத்துகள் கோடுகள் மிக்கவை. அவற்றைத் திரையில் தெளிவுறக் காட்டுவதற்கு ஓர் எழுத்துக்கு அகலத்தில் 16, உயரத்தில் 16 எனப் புள்ளிகள் தேவைப்பட்டன. அவ்வாறான எழுத்துகளை வரிக்கு 40ஆக 25 வரிகளில் நிறுத்த வேண்டுமாயின் திரையில் 640க்கு 400 புள்ளிகள் வேண்டும். 1982இல் என்.இ.சி. நிறுவனம் வெளியிட்ட பி.சி. 9801 கணிப்பொறியின் திரை இவ்வளவினதே. அக்காலத்தில் பிற நாடுகளின் வீட்டுக் கணிப்பொறிகள் பலவும் இதனினும் குறைந்த புள்ளிகளைக் கொண்டிருந்தன.

எழுத்தின் பொருட்டு அமைந்த இந்நுண்மை ஓவியருக்கும் கிட்டியது. புள்ளிகள் மிகுதியாயினும் வண்ணங்கள் குறைவு. பின்வந்த மாதிரிகளில் 4096 வண்ணங்களிலிருந்து 16ஐத் தேர்ந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த இயன்றது. எனவே இரு வண்ணப் புள்ளிகளை மாறிமாறி நெருக்கமாக இட்டு மூன்றாவது வண்ணம்போலத் தோன்றச் செய்யும் நுட்பம் வளர்ந்தது. அந்தி வானம், மழை நனைத்த தெரு, இரவு விளக்கு ஆகியவற்றை 16 வண்ணங்களில் தீட்டிய அக்கால ஓவியங்கள் இன்றும் பாராட்டப்பெறுகின்றன. மொழியின் தேவை ஓவியக் கலையொன்றை வளர்த்தது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

4. ‘வயதுவந்தோர்’ என்னும் வகைப்பாடு

1991இல் பள்ளி மாணவன் ஒருவன் வயதுவந்தோர்க்குரிய மென்பொருளொன்றைக் கடையிலிருந்து திருடிய நிகழ்ச்சி ஜப்பானில் பெரும் விவாதத்தை எழுப்பியது. அதன் விளைவாக 1992இல் கணிப்பொறி மென்பொருள் நெறிமுறை அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. வயது முத்திரை ஒழுங்குபெற்றது. அதனுடன் ஒரு தனிச் சந்தையும் உருவாயிற்று. அச்சந்தையில் சிறு குழுக்களும் நுழைய முடிந்தது. பாலியல் காட்சி சில இடம்பெற்றால் போதும்; எஞ்சியவற்றில் எழுத்தாளர் தம் விருப்பம்போல் எதனையும் எழுதலாம் என்னும் நிலை ஏற்பட்டது. திகில், மெய்யியல், குடும்பத் துயர், அறிவியற் கற்பனை ஆகியன இம்முத்திரையின் நிழலில் வளர்ந்தன.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. இப்படைப்புகள் பல பின்னர்ப் பாலியல் காட்சிகள் நீக்கப்பட்டு மறுபதிப்புப் பெற்றன. 1997இல் வெளிவந்த ‘டு ஹார்ட்’ 1999இலும், 1999இல் வெளிவந்த ‘கனோன்’ 2000இலும், 2004இல் வெளிவந்த ‘ஃபேட் ஸ்டே நைட்’ 2007இலும் அவ்வாறு வெளியிடப்பட்டன. அப்பதிப்புகளைப் படித்தோர் கதையில் பெருங்குறை ஏதும் காணவில்லை. எனவே இவ்வகைக்குப் பெயரளித்த உறுப்பு, பெரும்பாலான இடங்களில், பிரித்தெடுக்கத்தக்க உறுப்பாகவே இருந்தது என்பது பெறப்படும். அவ்வாறாயின் பிரித்தெடுக்க இயலாத உறுப்பு எது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காணக் கதை கிளைக்கும் முறையை அறிதல் வேண்டும்.

5. கிளைத்தலின் கணக்கும் ‘கொடி’யின் கடனும்

காட்சிப் புதினத்தில் வாசகர் சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று தெரிவுகளுள் ஒன்றைத் தேர்கிறார். அதற்கேற்பக் கதை பிரிகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரு தெரிவுகள் என மூன்று இடங்கள் அமையுமாயின் 1, 2, 4, 8 என மொத்தம் 15 பகுதிகள் எழுதப்பட வேண்டும். வாசகர் ஒரு முறை படிக்கும்போது அவற்றுள் நான்கையே காண்பார். தெரிவிடங்கள் பத்தாகுமாயின் எழுத வேண்டுவன 2047 பகுதிகள். ஒரு முறை படிக்கையில் காண்பன 11 மட்டுமே. உரைநடையை ஒருவர் விரைந்து எழுதிவிடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் நிகழ்ச்சி ஓவியம் வேண்டுமெனின் எக்குழுவாலும் இயலாது.

ஆதலால் படைப்போர் கிளைகளை மீண்டும் ஒன்றிணைப்பர். வாசகர் முன்னர்த் தேர்ந்ததை ஒரு குறியாகப் பதிந்துவைத்துப் பிற்பகுதியில் பயன்படுத்துவர். இக்குறியை ஜப்பானியர் ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்ற ‘ஃபுராகு’ என்னும் சொல்லால் வழங்குகின்றனர். கொடி என்பது அதன் பொருள். ‘கொடி எழுந்தது’ என்பது கணிப்பொறித் துறையிலிருந்து பொதுப் பேச்சுக்கு வந்து, பின்விளைவுக்கு முன்னறிகுறி தோன்றிற்று என்னும் பொருளில் வழங்கலாயிற்று. போர்முனையில் ஒருவன், ஊர் திரும்பியதும் மணம் செய்துகொள்வேன் என்று கூறினால் அதனைச் ‘சாவுக்கொடி’ என இளைஞர் நகைப்பர். கதையமைப்பைக் குறிக்கும் கலைச்சொல் மக்கள் வழக்காயிற்று என்பது இவ்வகைப் படைப்பின் பரவலைக் காட்டும்.

கொடி என்பது ஒரு கடன். முதற்பகுதியில் எழுப்பிய கொடிக்கு இறுதிப்பகுதியில் விடை தந்தாக வேண்டும். கதை நீள நீளக் கடன் பெருகும். தொடக்கத்தில் எளிதாக இருந்த பணி முடிவை நெருங்குந்தோறும் கடினமாவது இவ்வடிவத்தின் இயல்பு. அச்சுப் புதினத்தில் முடிவு ஒன்று. இங்கோ முடிவுகள் பல. அவற்றுள் ஒன்று எழுதப்படாது போனாலும் எங்கோ ஒரு கொடி விடையின்றி நிற்கும்.

6. ‘சுகிஹிமே’: விடைபெறாத கொடி

‘சுகிஹிமே’ என்பதற்கு நிலவு இளவரசி என்பது பொருள். டைப்மூன் என்னும் தன்னார்வக் குழு இதனை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தோக்கியோவின் காமிக் மார்க்கெட் விழாவில் வெளியிட்டது. வணிக நிறுவனத்தைச் சாராது தாமே படைத்துத் தாமே விற்கும் ‘தோஜின்’ குழுக்களின் சந்தை அது. கதையைக் கினோகோ நாசு எழுத, பாத்திர ஓவியங்களைத் தகாஷி தகேயூச்சி வரைந்தார். வணிகப் படைப்புகளோடு ஒப்பிட இதன் ஓவியங்கள் எளியவை எனினும், இருண்ட நீலமும் நிலவொளியும் கொண்ட திரைமீது வெண்ணிற எழுத்துகள் பரவி நிற்கும் தோற்றம் தனித்தன்மை உடையதாக விளங்கியது.

இளமையில் சாவின் விளிம்புவரை சென்று மீண்ட தோனோ ஷிகி என்னும் இளைஞன் கதைத்தலைவன். பொருள்கள் அனைத்தின்மீதும் அவற்றின் அழிவைக் குறிக்கும் கோடுகள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு பெண் தந்த மூக்குக்கண்ணாடி அக்காட்சியை மறைத்து அவனை இயல்பாக வாழச் செய்கிறது. ஆர்குவெயிட், சியெல், அகிஹா, ஹிசுய், கொஹாகு என்னும் ஐவருள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை உண்டு. முதலிருவர் பாதைகள் முன்புறம் எனவும் ஏனைய மூவர் பாதைகள் மறுபுறம் எனவும் பகுக்கப்பட்டுள்ளன. முன்புறம் படித்த பின்னரே மறுபுறம் திறக்கும். கொஹாகுவுக்கு ஒன்றும் மற்றவர்க்கு இரண்டிரண்டுமாக முடிவுகள் ஒன்பது. முன்புறத்தில் அயலிலிருந்து வந்ததாகத் தோன்றிய தீமை மறுபுறத்தில் குடும்பத்துக்குள்ளேயே வேர்கொண்டிருப்பது புலனாகும். ஒரே தொடக்கத்தை வெவ்வேறு முறை படிப்பதாலேயே இப்பொருள் விளங்குகிறது.

ஐவரன்றி ஆறாவதாக யுமிசுகா சத்சுகி என்னும் பெண்ணும் உண்டு. தலைவனோடு பயிலும் அவள் கதையின் தொடக்கத்திலேயே அவனோடு மாலையில் நடந்து வருகிறாள். தனக்கு இடர் நேர்ந்தால் காப்பாற்ற வேண்டும் எனக் கேட்கிறாள், அவனும் இசைகிறான். அவளுக்கு நிலையுரு ஓவியம் உண்டு. தனித்த பேச்சுநடை உண்டு. காட்சிப் புதின மரபை அறிந்த வாசகர்க்கு இவை யாவும் ஒரு பாதையின் வாயில் எனவே தோன்றும். ஆயின் அப்பாதை இல்லை. மறுபுறக் கதையில் அவள் குருதி உண்ணும் உயிராக மாறித் தலைவன் கையாலேயே மடிகிறாள். அவளுக்கெனத் திட்டமிடப்பட்ட பாதை உருவாக்கத்தின்போது கைவிடப்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று.

இக்குறையின் தன்மை ஆராயத்தக்கது. படைப்பு முழுமையானது என்றே வெளியிடப்பட்டது. ஒன்பது முடிவுகளும் செம்மையாக எழுதப்பட்டுள்ளன. எனினும் காப்பாற்ற வேண்டும் என்னும் வேண்டுகோள் விடையின்றி நிற்கிறது. அச்சுப் புதினத்தில் இத்தகைய பெண்ணின் சாவு அவலச் சுவை பயக்கும் நிகழ்ச்சியாக அமைதியுறும். இங்கோ வேறு ஏதேனும் தெரிவால் அவளைக் காத்திருக்கக் கூடுமோ என்னும் எண்ணத்தை வடிவமே வாசகர் மனத்தில் விதைக்கிறது. எல்லாத் தெரிவுகளையும் சோதித்த பின்னரே அத்தகைய வழி எழுதப்படவில்லை என்பதை அவர் உணர்வார். வாசகரிடையே சத்சுகி பெரும் பரிவுக்கும், பாதை இல்லாதவள் என்னும் செல்லக் கேலிக்கும் உரியவளானாள். பின்வந்த ‘மெல்ட்டி பிளட்’ சண்டை விளையாட்டு வரிசையில் அவளுக்கும் ஓர் இடம் அளிக்கப்பட்டது.

இதே குழுவின் ‘ஃபேட் ஸ்டே நைட்’ படைப்பிலும் இலியா என்னும் பாத்திரத்துக்கெனக் கருதிய பாதை தனித்து எழுதப்படாமல் மூன்றாம் பாதையோடு இணைக்கப்பட்டது. அங்கு அவளுடைய கதை வேறொரு பாதைக்குள் நிறைவு காண்பதால் குறை அத்துணைப் புலனாகவில்லை. கைவிடுதல் வேறு, இணைத்தல் வேறு என்பதை இவ்விரண்டும் தெளிவுறுத்துகின்றன.

7. அரைமதியும் முழுமதியும்

‘சுகிஹிமே’ முழுமையாக வெளிவருவதற்கு முன்னர் 2000ஆம் ஆண்டுக் கோடைக்கால விழாவில் அதன் முற்பகுதி மட்டும் ‘அரைமதிப் பதிப்பு’ என்னும் பெயரில் விற்கப்பட்டது. எஞ்சிய பகுதி அவ்வாண்டின் குளிர்கால விழாவிலேயே நிறைவுற்றது. எளிய ஓவியங்களும் உரைநடையையே முதலாகக் கொண்ட அமைப்பும் அவ்விரைவுக்குத் துணைநின்றன எனலாம்.

2008இல் அறிவிக்கப்பட்ட அதன் மறுஆக்கம் 2021 ஆகஸ்டு 26 அன்று வெளிவந்தது. பாலியல் காட்சிகள் விலக்கப்பட்டன. உரையாடலுக்குக் குரல் சேர்க்கப்பட்டது. ஓவியங்கள் மிகப் பெருகின. ஒரு பத்தியைப் படிக்கும் நேரத்தில் திரை பலமுறை மாறும் அளவுக்குக் காட்சிச் செறிவு கூடியது. ஆயின் அதில் அடங்கியவை முன்புறப் பாதைகள் இரண்டு மட்டுமே. மறுபுறம் தனிப் படைப்பாகப் பின்னர் வரும் என அறிவிக்கப்பட்டது. 2024இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோதும் அது வெளிவந்திருக்கவில்லை. முன்னர் சில திங்களில் நிறைவுற்ற அரைமதி இப்போது ஆண்டுகள் பலவற்றைக் கடந்தும் அரைமதியாகவே நின்றது.

2012இல் வெளிவந்த ‘புனித இரவின் சூனியக்காரி’ இதற்கு மற்றொரு சான்று. ஹிரோகாசு கோயாமா தலைமையில் அமைந்த அதன் ஓவியங்கள் இவ்வகையின் உச்சங்களுள் ஒன்றாக மதிக்கப்பெறுகின்றன. நாசு அதனை 1990களில் புதினமாகவே எழுதியிருந்தார். மூன்று பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அத்தொடரில் முதற்பகுதியே வெளிவந்தது. அதில் கிளைகள் இல்லை. கதை ஒரே கோட்டில் செல்கிறது. கிளையின்மையும் விரைவைத் தரவில்லை என்பதை நோக்க, ஓவியச் செறிவு தனித்த நிலையிலேயே முடிவைத் தள்ளிப்போட வல்லது எனக் கருத இடமுண்டு.

8. தவணை முறையும் அதன் விளைவும்

2004இல் டாம் ரோதமல் என்பவர் ‘ரென்பை’ என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கியதும் ஜப்பானுக்கு வெளியேயும் காட்சிப் புதினங்கள் பெருகின. 2013இல் பேட்ரியான் தளம் தோன்றியபின், முடிவுறாத படைப்பைத் தவணைகளாக வெளியிட்டு வாசகரிடம் திங்கள்தோறும் ஆதரவுத்தொகை பெறும் முறை வயதுவந்தோர்க்குரிய படைப்புகளில் வேரூன்றியது. இம்முறையில் புதிய ஓவியமே ஒவ்வொரு தவணையிலும் முதலில் கண்ணுக்குப் புலனாவது. கதையின் கடன்கள் தீர்க்கப்பட்டனவா என்பது இறுதியிலேயே தெரியவரும். மேலும், கதை முடிந்தால் வருவாயும் முடியும். எனவே ஓவியம் மெருகேறிக்கொண்டே செல்ல, முடிவு அகன்றுகொண்டே செல்லும் நிலை உருவாகிறது. இதற்குப் படைப்பாளரின் நேர்மையின்மையைக் காரணமாகக் கூறுதல் எல்லா இடத்தும் பொருந்தாது. தனியொருவர் எழுத்தாளராகவும் ஓவியராகவும் நிரலாளராகவும் உழைக்கையில், பெருகும் கொடிகளின் கடன் அவரை நிறுத்திவிடுகிறது.

மாறான சான்றும் உண்டு. உடற்குறையுடையோரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘கதாவா ஷோஜோ’ என்னும் படைப்பைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் 2007 முதல் ஊதியமின்றி உருவாக்கினர். 2009இல் பொதுவான முதல் அங்கத்தை மட்டும் வெளியிட்டனர். 2012 ஜனவரி 4 அன்று முழுப்படைப்பையும் இலவசமாக வழங்கினர். பாதைகளை ஐந்தாக வரையறுத்து ஒவ்வொன்றையும் தனித்தனி எழுத்தாளரிடம் ஒப்படைத்தமை அவர்தம் வெற்றிக்குத் துணைபுரிந்தது. வயதுவந்தோர்க்குரிய காட்சிகளை வாசகர் விரும்பினால் விலக்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. எது விலக்கத்தக்கது, எது விலக்கத்தகாதது என்னும் தெளிவு அக்குழுவினர்க்கு இருந்தமையை இது காட்டும்.

9. முடிவுரை

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிகிபு அம்மையார் எழுதிய ‘கெஞ்சி கதை’ 54ஆம் இயலோடு நின்றுவிடுகிறது. துறவு பூண்ட உகிஃபுனே, தன்னைத் தேடி வந்த தூதுக்கு மறுமொழி தராத நிலையில் கதை அறுபடுகிறது. அது முற்றுப்பெறாத நூலா, அவ்வாறு நிற்பதே அதன் முடிவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எவ்வாறாயினும் அங்கே மறுமொழி கூற மறுப்பவள் பாத்திரமாகிய பெண். சத்சுகியின் நிலை இதற்கு நேர்மாறானது. அவள் கேட்கிறாள், மறுமொழி தர வேண்டிய பனுவல் மௌனமாகிறது. முன்னது பொருளுள்ள மௌனம். பின்னது நிறைவேறாத கடன்.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். வயதுவந்தோர்க்குரியது என்னும் முத்திரைக்குக் காரணமான பகுதிகள் நீக்கப்பட்டபோதும் இப்படைப்புகள் பலவற்றின் முழுமை குன்றவில்லை. ஓவியங்கள் எளியனவாக இருந்தபோதும் முழுமை குன்றவில்லை. அவை மிகுந்தபோது முடிவு தொலைவாயிற்று. ஒரு பாத்திரத்துக்குத் தந்த சொல் காக்கப்படாதபோதே முழுமை குன்றியது. எனவே ஓவியத்தால் கவரும் காட்சிப் புதினத்தின் முழுமையை அளக்கும் கோல் ஓவியத்தில் இல்லை. கதை தன் தொடக்கத்தில் அளித்த வாக்கில் உள்ளது. மாலை வெளிச்சத்தில் நடந்துவரும் சத்சுகியின் உருவத்தை எந்த வாசகரும் எளிதில் மறப்பதில்லை. அவளுக்காக வரையப்பட்ட ஓவியம் நிறைவாகவே உள்ளது. எழுதப்படாமல் நிற்பது அவள் கேட்டதற்கான விடை மட்டுமே.